தெரிந்தவர் துணை



தனிமரம் தோப்பாகாது என்பது நம் முன்னோர் வழங்கிய முதுமொழி. காலம் சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது இம்மொழியின் உண்மை நமக்கு எளிதிற் புலப்படுவதில்லை. தொழில் மாறும்போதும், ஊர் மாறும்போதும், நாட்டின் சட்டமே மாறும்போதும் மனிதன் தன் சுற்றுமுற்றும் பார்க்கின்றான். "இங்கே நமக்குத் தெரிந்தவர் யார்?" என்பதே அப்போது அவன் நாவில் எழும் முதற் கேள்வி. அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அவனுடைய குடும்பத்தின் நிலை ஒரு தலைமுறைக்கேனும் அமைந்துவிடுகின்றது.

திருவள்ளுவர் சுற்றந்தழால் என ஓர் அதிகாரம் வகுத்தார். நட்பு என வேறோர் அதிகாரமும் வகுத்தார். அத்துடன் நில்லாது, நட்பாராய்தல் என மற்றுமோர் அதிகாரத்தை அதனை அடுத்தே வைத்தார். சுற்றம் பிறப்பால் வருவது; நட்பு பழக்கத்தால் வருவது; ஆராய்ச்சியோ அறிவால் வரவேண்டுவது. துணை வேண்டும் என்பது ஒரு பாதி உண்மை. எத்தகைய துணை என்று தெரிந்துகொள்வது மற்றப் பாதி. இவ்விரு பாதிகளையும் ஒருங்கே விளக்கவல்ல வரலாறு ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. அதுவே பதுளையைத் தலைநகராகக் கொண்ட ஊவா மாகாணத்துத் தோட்டங்களின் வரலாறு.

அப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை, ஹாலிஎல, பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல, பூனாகலை, கொஸ்லாந்தை என்று விரியும் மலைச்சாரல்களிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிராயின. 1869 இல் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் கோப்பியைக் காலப்போக்கில் அழித்துவிட்டது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. இம்மலைகளைத் திருத்திய கைகள் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து வந்தவை. கடல் கடந்து, காடு கடந்து, மொழி தெரியாத மலைநாட்டுக்கு அம்மக்கள் எந்தத் துணிவிலே வந்தார்கள்? தெரிந்தவர் ஒருவர் அழைத்தார் என்ற துணிவிலேதான். அந்தத் தெரிந்தவரே கங்காணி.

கங்காணி பெரும்பாலும் அவ்வூர்க்காரர், பலருக்கு உறவினர். அவர் பேச்சைக் கேட்டு ஒரு குடும்பம் புறப்பட்டால் அதன் பின்னே பத்துக் குடும்பம் புறப்படும். வழிச்செலவு, துணி, உணவு எல்லாவற்றுக்கும் தோட்டத்துரை கொடுத்த முன்பணத்தைக் கங்காணி செலவிட்டார். வந்து சேர்ந்தபின் லயத்தில் ஓர் அறை, கடையிற் கடன், நோய் வந்தால் ஒரு வார்த்தை, துரையிடம் ஒரு பரிந்துரை, திருமணத்துக்கு ஒரு கைம்மாற்று என அனைத்துக்கும் அவரே வாயில். புதிய மண்ணிலே கால் ஊன்றுவதற்கு அம்மக்களுக்கு இருந்த ஒரே ஊன்றுகோல் அவர்தாம். இதனை மறுப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

ஆனால் அந்த ஊன்றுகோலின் மறுமுனை எங்கே கட்டப்பட்டிருந்தது என்பதையும் பார்க்கவேண்டும். செலவிட்ட முன்பணம் அனைத்தும் தொழிலாளியின் பெயரிற் கடனாக ஏறியது. தம் ஆட்கள் வேலைக்கு வந்த நாள் ஒவ்வொன்றுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே ஆள் நீங்காமலிருப்பதே அவருக்கு இலாபம். தோட்டம் மாற விரும்பினால் துரையிடமிருந்து "துண்டு" என்னும் சீட்டுப் பெறவேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கலாம் என்பதே அச்சீட்டின் பொருள். புதிய தோட்டத்துத் துரை அத்தொகையைச் செலுத்த, கடன் அப்படியே புதிய இடத்துக்கு மாறும். மனிதர் இடம் மாறினார்களேயன்றிக் கடன் மாறவில்லை. இத்துண்டு முறை 1921 இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இங்கே நாம் கற்கும் முதற் பாடம் தெளிவானது. துணை செய்தவர் தீயவர் என்பதன்று இதன் கருத்து. கங்காணிமாரிலே நல்லவர்களும் இருந்தனர். எல்லாக் கதவுகளுக்கும் ஒருவரிடமே திறவுகோல் இருந்தது என்பதே குறை. உலகத்தோடு நமக்குள்ள தொடர்பு முழுவதும் ஒரே மனிதரின் வழியாகச் செல்லுமானால், அம்மனிதர் எவ்வளவு நல்லவராயினும் நாம் அவருக்குக் கட்டுப்பட்டவராவோம்.

பிறகு வழிகள் திறந்தன. 1890களில் அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் வந்த புகையிரதப் பாதை, ஒன்பது வளைவுப் பாலத்தையும் தெமோதரை வளையத்தையும் கடந்து 1924 இற் பதுளையை அடைந்தது. தேயிலைப் பெட்டிகளை இறக்கவென்று போட்ட பாதை செய்தித்தாளையும் கடிதத்தையும் மலைக்கு ஏற்றியது. பத்திரிகையாசிரியர் கோ. நடேசய்யர், வெளியார் நுழைய அனுமதியில்லாத தோட்டங்களுக்குள்ளே புடைவை வியாபாரிபோற் சென்று மக்களின் நிலையைக் கண்டறிந்தார் என்பர். அவர் 1931 இல் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தை அமைத்தார். 1939 ஆகஸ்டு முதலாம் நாள் தொடக்கம் இந்திய அரசாங்கம் உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடைசெய்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே, ஜவகர்லால் நேருவின் வருகையை ஒட்டி, இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. புதிய ஆட்களைக் கொண்டுவரும் வாயில் அடைபட்டதும் கங்காணியின் பிடி தளர்ந்தது. தொழிற்சங்கத்தின் குரல் உயர்ந்தது.

1940 இல் பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில் நடந்த போராட்டம் இம்மாற்றத்தை நன்கு காட்டும். சமசமாஜக் கட்சியினரின் வழிகாட்டலுடன் நடந்த அப்போராட்டத்தில், தொழிலாளர் தாமே தேர்ந்தெடுத்த குழுவொன்றை அமைத்தனர். அக்குழுவைக் கலந்தே செயற்படத் தோட்டத்துரை இணங்கினார். பக்கத்து லயத்திலே வாழ்ந்தும் ஒருவரையொருவர் கங்காணியின் வழியாகவே அறிந்திருந்தவர்கள், தொழிலின் பெயரால் நேருக்கு நேர் கைகோத்தார்கள். மேலிருந்து கீழே தொங்கிய கயிறு, பக்கம் பக்கமாகப் பின்னிய பாயாக மாறத் தொடங்கியது எனலாம்.

அந்தப் பாய் முழுமையாகப் பின்னப்படுவதற்குள் பெரும் புயல் ஒன்று வந்தது. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு பாராளுமன்ற இடங்களைப் பெற்றிருந்தது. மறு ஆண்டிலே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949 ஆம் ஆண்டுத் திருத்தம் வாக்குரிமையையும் பறித்தது. அதே ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு குறுகிய வழியை மாத்திரம் விட்டுவைத்தது. 1946 ஜனவரி முதலாம் நாளுக்கு முன்னர், மணமானவராயின் ஏழாண்டும், மணமாகாதவராயின் பத்தாண்டும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமையை எண்பிக்கவேண்டும். அதற்குப் பின்னரும் தொடர்ந்து வாழ்ந்திருத்தல் வேண்டும். விண்ணப்பிக்கும் தவணை 1951 ஆகஸ்டு 5 ஆம் நாளுடன் முடிந்தது.

நேயர்களே, அக்காலத்து லயத்து அறை ஒன்றை மனக்கண் முன் நிறுத்திப் பாருங்கள். கையெழுத்திடத் தெரியாத தந்தை. பிறப்புப் பதிவு இல்லாத பிள்ளைகள். தாயைப் பார்க்க ஊருக்குப் போய் ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்ட மூத்தவன். அவன் போய்வந்த அந்தப் பயணமே "இடையறாத வாசம்" என்னும் விதியை முறித்துவிடப் போதுமானது. இவர்களுக்கு அச்சமயம் தேவைப்பட்டது பணமன்று. விண்ணப்பத்தாளை நிரப்பத் தெரிந்த ஒருவர், செக்ரோலில் இவர்கள் பெயர் இருந்த ஆண்டுகளை எடுத்துத்தரக் கூடிய ஒருவர், விசாரணைக்கு எந்நாளில் எங்கே வரவேண்டும் என்று சொல்லக்கூடிய ஒருவர். தோட்டப் பாடசாலை ஆசிரியரோ, மனமிரங்கிய கணக்கப்பிள்ளையோ, சங்கத்தின் எழுத்தரோ பழக்கமாயிருந்த குடும்பத்துக்கு வழி பிறந்தது. அத்தகையோரை அறியாத குடும்பத்துக்குத் தவணையே தெரியாமற் போகக்கூடும். ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. அவர்களுள் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே பிரஜைகளாகப் பதிவுபெற்றனர். சட்டத்தின் கடுமையே இதற்கு முதற் காரணம். எனினும், அக்கடுமையைத் தாங்கிநின்று எழுதிப் போராடக் கூடியவரின் துணை சிலருக்குக் கிடைத்ததும் பலருக்குக் கிடையாததும் அக்காலத்து வாழ்வின் ஒரு பகுதி.

இவ்விடத்திலே அறிஞர் ஒருவரின் ஆராய்ச்சியை நினைவுகூர்தல் பொருந்தும். அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் என்பார், தெரிந்தவர் மூலமாகப் புதிய வேலை பெற்றவர்களை விசாரித்து, 1973 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். செய்தி சொன்ன அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திப்பவர்களாக இருந்தோர் நூற்றுக்குப் பதினேழு பேர் மட்டுமே. ஏனையோர் அவரை எப்போதாவது அல்லது மிக அரிதாகச் சந்தித்தவர்களே. இதன் காரணம் எளிது. நம்மோடு ஒரே முற்றத்தில் வாழ்பவர் அறிந்த செய்தியை நாமும் அறிவோம்; நம் முற்றத்துக்கு அப்பால் வாழும் அறிமுகமானவரே நாம் அறியாததை அறிவார். நெருங்கிய உறவு நம்மைத் தாங்குகின்றது. தூரத்து அறிமுகம் நமக்கு வழி காட்டுகின்றது. தோட்டத்து மக்களுக்கு முதலாவது நிறைய இருந்தது. இரண்டாவதோ மிக அருகியிருந்தது. தோட்டத்து எல்லையே அவர்கள் உலகத்தின் எல்லையாக வைக்கப்பட்டிருந்தமையால் விளைந்த குறை அது.

1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அடுத்த மாற்றத்தைக் கொணர்ந்தது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரிலே 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என வகுக்கப்பட்டனர். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் 1974 இல் இரு நாடுகளுக்கும் பாதிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். எண்களாகப் பார்த்தால் இது கணக்கு. லயங்களிலே பார்த்தால் அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு. தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச்சென்ற புகையிரதத்துக்கு மக்கள் இட்ட பெயர் "ஒப்பாரிக் கோச்சி" என்பது. அன்று நிலையத்திலே அழுதவர்கள் பிரிவை நினைத்து மட்டும் அழவில்லை. சாவுக்குத் தோள்கொடுப்பவர், பிள்ளைப்பேற்றுக்கு உடனிருப்பவர், சீட்டுப் பிடிப்பவர், திருவிழாவுக்கு வரி சேர்ப்பவர் என நூறாண்டுகளாகச் சேர்த்த துணை முழுவதும் அந்த மேடையிலே அவிழ்ந்து போயிற்று.

அக்கரை சேர்ந்தபின் நடந்ததும் நமக்குப் பாடமாகும். சிறுவியாபாரக் கடன் பெற்றுச் சமவெளி ஊர்களிற் குடியமர்த்தப்பட்டவர்களுட் பலர், அறிந்தவரும் அத்தொழிற் பழக்கமும் இன்மையாற் கைப்பணத்தை இழந்தனர். நீலகிரியிலே கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளுக்கு முதலிற் சென்றவர்கள், "இங்கே தேயிலை இருக்கிறது, நம்மவர் இருக்கின்றனர்" என்று கடிதம் எழுதினர். அதனைக் கண்டு ஒருவர்பின் ஒருவராக மலையேறினர். தமிழ்நாடு அரசு தாயகம் திரும்பியோருக்கெனத் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களும் பலருக்கு வேலை தந்தன. அரசாங்கத் திட்டம் ஒருபுறம், பழைய லயத்து அறிமுகம் மறுபுறம். இரண்டும் கூடிய இடத்திலே குடும்பங்கள் வேரூன்றின. ஒன்று குறைந்த இடத்திலே தள்ளாடின.

இங்கே தங்கியவர்களுக்கும் மாறுதல்கள் ஓயவில்லை. 1972 ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975 ஆம் ஆண்டுத் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992 இல் நிருவாகம் மீண்டும் பிராந்தியக் கம்பெனிகளின் கைக்கு மாறியது. துரைமார் மாறினர், பெயர்ப்பலகைகள் மாறின, பிரட்டுக்களம் மட்டும் அதே இடத்தில் இருந்தது. 1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்களால் நாடற்றவர் என்னும் நிலை நீங்கியது. வாக்கும் அடையாள அட்டையும் கைக்கு வந்தன. இளைஞர் கொழும்பின் கடைகளுக்கும், ஆடைத் தொழிற்சாலைகளுக்கும், பெண்கள் மத்திய கிழக்கு நாட்டு வீடுகளுக்கும் வேலைக்குப் போகத் தொடங்கினர். யார் அழைத்துப் போகின்றார்? பெரும்பாலும் முன்னரே போன பக்கத்து லயத்துக்காரர். இது நல்லதே. முன்னே போனவரின் அனுபவம் பின்னே போகிறவருக்கு விளக்காகும்.

ஆயினும், வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் இடைத்தரகர் சிலர் குடும்பத்தின் கையில் முன்கூட்டியே ஒரு தொகை கொடுத்துச் செல்கின்றனர் என்று கேட்கும்போது, "முன்பணம்" என்னும் பழைய சொல் மீண்டும் நம் காதில் விழுகின்றது. கங்காணியும் கருணையுடன்தான் முதற்பணம் கொடுத்தார் என்பதை மறத்தலாகாது. 1985 இல் நிறுவப்பட்ட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திற் பதிந்து செல்வதும், ஒப்பந்தத்தின் பிரதியை வீட்டில் வைத்துவிட்டுச் செல்வதும், தரகரின் வாக்குறுதியைவிட வலிய துணையாகும்.

2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலையிலே கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கமுடியாது. அந்நாளில் அயலவரின் துணை ஓடோடி வந்தது. பாடசாலைகள் தஞ்சமளித்தன, அயற்கிராமத்தவரும், படையினரும், தொலைவிலிருந்து வந்த தொண்டர்களும் உதவினர். ஆனால் அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை சில ஆண்டுகளுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. போவதற்கு வேறு நிலம் இல்லாதவருக்கு எச்சரிக்கையால் என்ன பயன்? இறந்தவருக்குத் தோள்கொடுக்கும் துணை அங்கே குறைவின்றி இருந்தது. உயிரோடிருக்கும்போதே காணியும் வீடும் பெற்றுத்தரும் துணை, தீர்மானங்கள் எடுக்கப்படும் அலுவலகம் வரை எட்டும் துணை, அதுவே போதாமல் இருந்தது. 2023 இல் பூனாகலையிலும் மண்சரிவு லயங்களைச் சிதைத்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த புயலும் பதுளை மாவட்டத்து மலைகளைப் பெரிதும் சரித்துச் சென்றது. ஆதலால் இது பழங்கதையன்று.

இவற்றிலிருந்து நாம் தெளிவது யாது? ஒரு துணையை ஆராய மூன்று கேள்விகள் போதும். நமக்கு உதவுபவர் நம்மைக் கடனில் வைக்கின்றாரா? நம்முடைய பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு முதலிய பத்திரங்களை நம் கையிலே விடுகின்றாரா, தம் கையிலே வைக்கின்றாரா? தம்மையன்றி வேறொருவரிடமும் நாம் செல்லக்கூடாதென்று தடுக்கின்றாரா, வேறு நால்வரை அறிமுகம் செய்துவைக்கின்றாரா? மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் விடையே முக்கியமானது. நல்ல துணை தன்னை அவசியமற்றதாக்கிக்கொண்டே போகும்.

துணை என்பது ஒரு பக்கத்தார்க்கு மட்டும் உரியதாகவும் இருத்தல் ஆகாது. கொழுந்து பறிப்பவர் பெரும்பாலும் பெண்கள்; சங்கத் தலைவர்களும் கோயிற் கமிட்டியாரும் பெரும்பாலும் ஆண்கள். அலுவலகத்துக்குப் போகும் வழி கணவனுக்கு மட்டுமே தெரிந்த வீட்டிலே, அவன் மறைந்தால் ஊழியர் சேமலாப நிதியைக் கேட்டுப்பெறக்கூட மனைவிக்கு வழி தெரிவதில்லை. சாதியால் ஒதுக்கப்படும் குடும்பத்துக்குச் செய்தி கடைசியாகவே போய்ச் சேருகின்றது. ஆகவே ஒரு தோட்டத்தின் ஒற்றுமையை அளக்கவேண்டுமானால், அங்கே கடைசி லயத்தின் கடைசி அறையிலே வாழ்பவருக்கு ஒரு செய்தி எத்தனை நாளிற் போய்ச் சேருகின்றதென்று பார்க்கவேண்டும்.

இன்று ஊவாவின் தோட்டங்களிற் பிறந்தவர்கள் ஆசிரியராக, தாதியராக, கிராம உத்தியோகத்தராக, வங்கி அலுவலராக, சட்டத்தரணியாகப் பணிபுரிகின்றனர். அன்று அவர்களின் பாட்டன் தேடி அலைந்த "தெரிந்தவர்" இன்று அவர்களே. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிறந்த லயத்துக்குச் சென்று இரண்டு விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பதும், அடுத்த முறை அதனைத் தாமே நிரப்ப அங்குள்ள ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பதும் பெருஞ்செலவில்லாத பெருந்தொண்டு. உதவி பெற்றவர் மறுபடி உதவி தேடி வராத நாளே அவ்வுதவி நிறைவுபெற்ற நாள்.